லிகாந்த்ரோபஸ் (1961): இத்தாலியத் திகில் திரைப்படத்தில் ஓநாய் மனிதனும் மறைவுப் பெயர்களும்

முன்னுரை

பேசும்படக் கால இத்தாலியில் திகில் திரைப்படம் தாமதமாகவே வேரூன்றியது. ரிக்கார்டோ ஃபிரேடாவின் ‘இ வம்பீரி’ (1957) அதன் தொடக்கமாகக் கருதப்படுகிறது. மாரியோ பாவாவின் ‘லா மாஸ்கெரா தெல் தெமோனியோ’ 1960இல் வெளிவந்தது. அதற்கடுத்த ஆண்டில், எர்னெஸ்டோ கஸ்தால்தியின் எழுத்திலும் பாவ்லோ ஹியூஷின் இயக்கத்திலும் உருவான ‘லிகாந்த்ரோபஸ்’ ஓநாய் மனிதனைப் பொருளாக எடுத்துக்கொண்டது. அப்படம் அம்மரபில் செய்த மாற்றத்தையும், அதன் படைப்பாளர் பெயர்கள் மறைக்கப்பட்ட பின்னணியையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

மரபும் மாற்றமும்

அமெரிக்கப் படமான ‘தி உல்ஃப் மேன்’ (1941), பிரித்தானியப் படமான ‘தி கர்ஸ் ஆஃப் தி வேர்வுல்ஃப்’ (1961) ஆகிய இரண்டிலும் ஓநாயாக மாறுபவன் யார் என்பதைப் பார்வையாளர் முன்னரே அறிவர்; அவன் இரக்கத்திற்குரியவனாகவே காட்டப்படுகிறான். ‘லிகாந்த்ரோபஸ்’ இவ்வமைப்பைத் துப்பறியும் கதையாக மாற்றுகிறது. பெண்களுக்கான சீர்திருத்தப் பள்ளியில் மாணவி ஒருத்தி கொல்லப்படுகிறாள். புதிதாக வந்த ஆசிரியர், அவளால் மிரட்டப்பட்ட பிரபு எனப் பலர் மீது ஐயம் படர்கிறது. உண்மையைத் தேடும் பொறுப்பைத் தோழி பிரிசில்லா ஏற்கிறாள். இறுதியில் ஓநாய் மனிதனாக வெளிப்படுபவர் பள்ளி இயக்குநரே. காக்க வேண்டிய அதிகாரமே கொல்லும் ஆற்றலாக மாறுகிறது. மிருகம் மரபுச் சாபத்திலிருந்து நிறுவனத்திற்குள் இடம்பெயர்கிறது.

பெயர் மறைப்பு

1958இல் வெளியான பிரித்தானிய ‘டிராகுலா’வின் வெற்றிக்குப் பின், திகில் படம் என்றால் ஆங்கிலப் படம் என்னும் எண்ணம் வலுப்பெற்றது. இத்தாலியப் படைப்பாளர் ஆங்கிலப் பெயர்களைச் சூடினர். ஹியூஷ் ‘ரிச்சர்ட் பென்சன்’ ஆனார். கஸ்தால்தி ‘ஜூலியன் பெர்ரி’ ஆனார். 1963இல் அமெரிக்காவில் இப்படம் ‘வேர்வுல்ஃப் இன் எ கேர்ள்ஸ் டார்மிட்டரி’ என்னும் தலைப்புடன், ராக் பாடலொன்றும் சேர்க்கப்பட்டு வெளியிடப்பட்டது. குற்றம் இயக்குநரின் அலுவலகத்தில் இருக்க, தலைப்போ மாணவியர் விடுதியைக் காட்சிப்பொருளாக்கியது.

முடிவுரை

ஏற்றுமதிப் பிரதியின் பெயர்ப் பட்டியலை மட்டும் சான்றாகக் கொள்ளும் ஆய்வு, இப்படத்தை இத்தாலிய வரலாற்றிலிருந்து விலக்கிவிடும். மாற்றுத் தலைப்பை மட்டும் கொண்டு மதிப்பிடுவது, அதிகாரம் குறித்த அதன் விமர்சனத்தைக் காணத் தவறும். ஆகவே, இத்தகைய வணிகத் திரைப்படங்களை ஆராய்வோர் மூலத் தலைப்பு, இயற்பெயர், வெளியீட்டு மாற்றங்கள் ஆகிய மூன்றையும் ஒப்புநோக்குதல் இன்றியமையாதது.