ஒரு பழைய கேசட்டின் நினைவு

கருத்தரங்கு ஒன்றின் பொருட்டு டோக்கியோ சென்றிருந்தபோது கிடைத்த ஒரு பிற்பகலை, ஜின்போச்சோவின் பழைய புத்தகக் கடைகளில் தொடங்கி அக்கிஹபராவின் பழைய வீடியோ கேம் கடைகளில் முடித்தோம். நடந்தே கடக்கும் தொலைவுதான். நண்பர் ஒருவரின் மகன் ‘ஃபேமிகாம்’ கேசட் ஒன்று கேட்டிருந்தான். நம் பிள்ளைகளைப் போலவே ஜப்பானியரும் அதைக் கேசட் என்றே அழைக்கின்றனர்.

அக்கிஹபராவின் வரலாறே பழைய பொருளில் தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், வானொலி உதிரி பாகங்களை விற்கும் தெருவோரக் கடைகள் இப்பகுதியில் பெருகின. 1949இல் தெருக்கடைகளை அகற்றும் ஆணை வந்தபோது அவ்வணிகர்கள் இரயில் பாதையின் அடியில் ஒதுங்கினர். அந்தச் சிறு கடைகளிற் சில இன்றும் அங்கே உள்ளன. வானொலிக்குப் பின் தொலைக்காட்சி, அதன் பின் கணினி, அதன் பின் வீடியோ கேம் எனச் சரக்கு மாறியது. தெருவின் குணம் மாறவில்லை.

சீட்டுக்கட்டுத் தயாரிப்பாளராக 1889இல் கியோத்தோவில் தோன்றிய நின்டெண்டோ, 1983 ஜூலை 15 அன்று 14,800 யென் விலையில் ஃபேமிகாமை வெளியிட்டது. 2003இல் அதன் உற்பத்தி நின்றது. எனினும் ‘சூப்பர் பொட்டேட்டோ’ போன்ற கடைகளின் அடுக்குகளில் அதன் கேசட்டுகள் இன்றும் நிறைந்து கிடக்கின்றன.

அவை அங்கே தடையின்றிக் கிடப்பதற்குப் பின்னே ஒரு வழக்கு உண்டு. வீடியோ கேம் என்பது திரைப்படத்துக்கு ஒப்பான படைப்பு. எனவே அதை மறுவிற்பனை செய்ய எங்கள் அனுமதி வேண்டும் என்று தயாரிப்பு நிறுவனங்கள் வாதிட்டன. 1999இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் கடைக்காரர் பக்கமும், ஒசாகா மாவட்ட நீதிமன்றம் நிறுவனங்கள் பக்கமும் தீர்ப்பளித்தன. 2002 ஏப்ரல் 25 அன்று உச்ச நீதிமன்றம் முடிவு சொன்னது: திரைப்படத்துக்கு ஒப்பானதே, ஆயினும் முறையாக ஒருமுறை விற்றபின் அவ்வுரிமை தீர்ந்துவிடுகிறது. வேறு விதமாகத் தீர்ப்பு வந்திருந்தால் இந்தத் தெருவில் எங்களுக்கு வேலை இருந்திராது.

தமிழ் படித்தவர்களாகிய எங்களை ஈர்த்தது ‘டிராகன் குவெஸ்ட்’ வரிசை. 1986இல் வந்த முதல் ஆட்டத்தில் ஆடியதைச் சேமிக்க வழியில்லை. நிறுத்தும்போது திரையில் 20 ஹிரகானா எழுத்துகள் தோன்றும். மறுநாள் அவற்றை உள்ளிட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ‘உயிர்ப்பிக்கும் மந்திரம்’ என்று அதற்குப் பெயர். 1987இல் வந்த இரண்டாம் ஆட்டத்தில் அது 52 எழுத்துகள் வரை நீண்டது. ஜப்பானிய எழுத்தில் இரு சிறு கோடுகள் இட்டால் ‘b’ ஒலி என்றும், சிறு வட்டம் இட்டால் ‘p’ ஒலி என்றும் கொள்வர். மங்கலான தொலைக்காட்சித் திரையில் கோடு எது, வட்டம் எது என்று தெரியாமல் பெயர்த்தெழுதிய சிறுவர்களின் பல நாள் உழைப்பு வீணாயிற்று. புள்ளியிடப்படாத ஓலைச்சுவடியோடு மல்லாடியவர்களுக்கு இந்தத் துயரம் புதிதன்று. பாடபேதம் புலவருக்கு மட்டும் உரியதா என்ன?

1988 பிப்ரவரி 10இல் வெளியான மூன்றாம் ஆட்டம் மந்திரத்தைக் கைவிட்டது. கேசட்டின் உள்ளே வைத்த நாணய வடிவ மின்கலம், ‘சாகச ஏடு’ என்னும் பதிவைக் காத்தது. பள்ளிக்குப் போகாமல் சிறுவர்கள் வரிசையில் நின்று அதை வாங்கியது அன்று செய்தியாயிற்று.

நாங்கள் எடுத்தது அந்த மூன்றாம் ஆட்டமே. முதுகில், மை மங்கிய பேனாவால் ஒரு சிறுவனின் பெயர் எழுதப்பட்டிருந்தது. கடைக்காரர் சோதித்துக் காட்டினார். ஏட்டில் ஒரு பதிவு அழியாமல் இருந்தது. வீரனுக்கும் அதே பெயர். மின்கலம் இனி நெடுநாள் தாங்காது, மாற்றித் தரட்டுமா என்று சைகையோடு கேட்டார். மாற்றினால் பதிவு போய்விடும் என்பதையும் சொன்னார். பக்கத்திலேயே புதிய மின்கலம் பொருத்திய பிரதி ஒன்றும் இருந்தது.

நண்பரின் மகனுக்கு அந்தப் புதுக்கலப் பிரதியை வாங்கினோம். பெயர் எழுதியதை எங்களுக்கென்று, மாற்றாமலே வாங்கிக்கொண்டோம். அதை ஓட்டும் கருவி எங்களிடம் இல்லை. அந்த ஏடு இந்நேரம் இருக்கிறதா அழிந்ததா என்று பார்க்கவும் வழியில்லை. புத்தக அலமாரியில், கையெழுத்திட்ட பழைய நூல்களின் அருகே வைத்திருக்கிறோம்.