யமாதாராஜபாநஸலகாம்: பத்து அக்ஷரங்களின் காலமும் கணிதமும்

சம்ஸ்கிருத யாப்பின் மூவக்ஷரக் கணங்கள் எட்டையும் பத்தே அக்ஷரங்களில் அடக்கிக் காட்டும் ‘யமாதாராஜபாநஸலகாம்’ என்னும் நினைவுச் சூத்திரம், ஒரே நீளமுள்ள எல்லா உருவங்களும் ஒவ்வொரு முறை மட்டும் வரும்படி கோத்த, டி புருயின் வரிசை என்று கணித நூல்கள் வழங்கும் அமைப்பின் உதாரணமாகவும், பாணினியின் கையிலிருந்தே வந்ததாகவும், இன்றைய கணினி வலையமைப்புகளின் முகவரி முறைக்கு மூதாதையாகவும் அண்மைக்கால ஆராய்ச்சியில் ஒரு சாராரால் எடுத்துரைக்கப்பட்டு வருகிறது. இம்மூன்று கூற்றுகளும் ஒன்றையொன்று தாங்கி நிற்பனபோலத் தோன்றினாலும், தனித்தனியே பரிசோதிக்கத்தக்கவை. முதலாவது ஐயத்துக்கு இடமற்ற உண்மை. இரண்டாவது ஒரே ஒரு பிற்காலச் சாட்சியத்தின்மேல் நிற்பது. மூன்றாவது, ஒரு வழிநடையை ஊர் முழுவதன் வரைபடமாக எண்ணிக்கொண்ட மயக்கம். இவ்வாறு பிரித்தறிவதால் அவ்வரியின் பெருமை குறையாது, அதன் உண்மையான இயல்பு துலங்கும் என்பதே என் துணிபு.

வரியின் அமைப்பை அறிய ஏடுகளைத் தேடிச் செல்லவேண்டியதில்லை. மைசூரில் தேவராஜ மொஹல்லாவில் கன்னட இலக்கணம் பயிலும் உயர்நிலைப் பள்ளி மாணவன் எவனும் இதை மனப்பாடமாக அறிவான். கரும்பலகையில் பத்து எழுத்துகளையும் எழுதி, லகுவுக்கு (குறுகிய அக்ஷரம்) வளைகோடும் குருவுக்குப் (நெடிய அக்ஷரம்) படுக்கைக்கோடும் மேலே இட்டு, எந்த எழுத்தில் தொடங்கி மூன்று எழுத்துகளை எண்ணினாலும் அந்த எழுத்தின் பெயர்கொண்ட கணமே கிடைக்கும் என்று அவனுக்குக் கற்பிக்கப்படுகிறது. ய, மா, தா என்பன லகு, குரு, குரு. ஆகவே அது யகணம். மா, தா, ரா என்பன மூன்றும் குரு. ஆகவே அது மகணம். இப்படியே ஒவ்வோர் எழுத்தாக நகர்ந்து ஸகணத்தில் முடித்தால், எட்டுக் கணங்களும் மிகாமலும் குறையாமலும் ஒவ்வொரு முறை வந்துவிடுகின்றன. எஞ்சிய லகாரமும் ககாரமும் முறையே லகுவையும் குருவையும் பெயரால் சுட்டி, உருவாலும் அவ்வாறே நிற்கின்றன. கன்னடத்திலும் தெலுங்கிலும் இறுதி ‘லகம்’ என்று குறிலோடு அநுஸ்வாரம் சேர்ந்தும், வேறிடங்களில் ‘லகாம்’ என்று நெடிலாகவும் ஓதப்படுகிறது. எவ்வாறு ஓதினும் அது குருவே. பொருள் மாறாமல் ஓசை மட்டும் இடத்துக்கிடம் வேறுபடும் இந்நிலை, ஒரு நூலின் நிலைபெற்ற பாடத்தைக் காட்டிலும் வாய்மொழியாகப் பரவிய பள்ளிச் சாதனம் ஒன்றுக்கே பெரிதும் பொருந்துவது.

இனி, காலத்துக்கு வருவோம். பாணினி இயற்றியது என்னும் கூற்றுக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது, சார்லஸ் பிலிப் பிரௌன் 1869இல் லண்டனில் வெளியிட்ட சம்ஸ்கிருத யாப்பு விளக்க நூல். அதில் அவர் இவ்வரியைக் கொடுத்து, இது பாணினி எழுதிய பழைய வரி என்று குறிக்கிறார். பிரௌனின் புலமையைக் குறைத்துக் கூற எனக்கு எண்ணமில்லை. தெலுங்கு மொழிக்கு அவர் ஆற்றிய பணி சாமானியமானதன்று. ஆயினும் கம்பெனி உத்தியோகஸ்தராகத் தெலுங்கு நாட்டில் பல்லாண்டு வாழ்ந்து, பண்டிதர்களின் வாயிலாகக் கற்ற ஒருவர், தம் ஆசிரியர்கள் சொன்னதையே இங்கும் பதிவுசெய்திருத்தல் கூடும் என்று கொள்வதே இயல்பு. பாணினியின் அஷ்டாத்யாயியில் இவ்வரி இல்லை. இலக்கண நூலாகிய அதில் யாப்பின் கணங்களை வகுக்க இடமும் இல்லை. யாப்பு நூலாகிய சந்தஸ் சாஸ்திரத்தை இயற்றிய பிங்கலரைப் பாணினியின் இளைய சகோதரர் என்று கூறும் மரபு ஒன்று உண்டு. யாப்புக்குரியது பிங்கலர்மேல் ஏற்றப்படுவதும், பிங்கலருக்குரியது அவர் தமையனார்மேல் ஏற்றப்படுவதும் அத்தகைய மரபில் எளிது. எனவே பிரௌனின் வாக்கியம், 1869க்கு முன்பே இவ்வரி பண்டிதர்களிடையே வழங்கிற்று என்பதற்கும், அதன் பழமையில் அவர்களுக்கு நம்பிக்கை இருந்தது என்பதற்கும் பிரமாணம் ஆகுமேயன்றி, அதற்குமேல் எதற்கும் பிரமாணம் ஆகாது.

பிங்கலருடையதாகவாவது கொள்ளலாமா எனில், அவருடைய நூலே அதற்குத் தடையாக நிற்கிறது. நமக்குக் கிடைக்கும் வடிவில் சந்தஸ் சாஸ்திரத்தின் முகப்பில் எட்டுச் சிறு சூத்திரங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரு கணத்தை, அக்கணத்தின் உருவிலேயே அமைந்த மூன்று அக்ஷரங்களால் காட்டி, அதன் பெயரெழுத்தைத் தந்து முடிகிறது. அவற்றின் வரிசை ம, ய, ர, ஸ, த, ஜ, ப, ந என்பது. இது பிரஸ்தாரத்தில், அதாவது எல்லா உருவங்களையும் முறையாக விரித்தெழுதும் முறையில், எட்டு உருவங்களும் விரியும் வரிசையே ஆகும். ஓர் அக்ஷரத்தைக் குறைக்க முடியுமானால் பேருவகை கொள்ளும் சூத்திரகாரர்களின் உலகில், எட்டுச் சூத்திரங்களின் வேலையைப் பத்து அக்ஷரங்களில் முடிக்கும் சாதனம் கையில் இருந்தும் ஒருவர் அதைப் பயன்படுத்தாமல் விட்டார் என்பதை நம்புதல் அரிது. பெயரே உருவைக் காட்டவேண்டும் என்னும் கருத்து பிங்கலருக்குரியது என்பதில் ஐயமில்லை. அது தமிழ் யாப்புக்கும் உரியதே. தேமா என்பது நேர்நேராய் நின்று நேர்நேரைச் சுட்டுவதும், கருவிளங்கனி நிரைநிரைநிரையாய் நின்று அதனையே சுட்டுவதும் காரிகை கற்றார் அனைவரும் அறிந்தன. ஈரசையில் நான்கும் மூவசையில் எட்டும் நாலசையில் பதினாறுமாக நம் வாய்பாடுகள் பெருகுவதும் அதே இரட்டிப்பு முறையே. ஆனால் தமிழ் வாய்பாடுகளும் பிங்கலரின் எட்டுச் சூத்திரங்களும் தனித்தனியே நிற்பவை. ஒன்றன் வால் மற்றொன்றன் தலையாவதில்லை. யமாதாவின் புதுமை முழுவதும் இந்த ஒன்றன்மேல் ஒன்று படிதலில்தான் இருக்கிறது. அந்தப் புதுமையைப் பிங்கலரிடம் காண்பதற்கு இடமில்லை.

இங்கே பாணினி இலக்கணத்தின் ஒலி வரிசையாகிய சிவ சூத்திரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தல் பயன் தரும். அந்தப் பதினான்கு சூத்திரங்களின் ஒலி வரிசை, வேண்டிய பிரத்யாஹாரங்களை (ஒலித் தொகுதிகளின் சுருக்கப் பெயர்களை) எல்லாம் மிகக் குறைந்த இடத்தில் தரும் அமைப்பு என்றும், ஹகாரம் இருமுறை வருவது தவிர்க்க முடியாதது என்றும் ஜெர்மானிய மொழியியலாளர் வீப்கே பீட்டர்சன் 2004இல் கணித முறையில் நிறுவினார். அந்த முடிவு உறுதியாக நிற்பதற்குக் காரணம், அவ்வரிசையைப் பாணினி தம் நூல் முழுவதும் கையாளுகிறார் என்பதே. மூலமும் பயனும் ஒரே இடத்தில் உள்ளன. யமாதாவுக்கோ, அதனைக் கையாளும் பழைய சாஸ்திரம் ஒன்றையேனும் அதன் தொன்மையை வற்புறுத்துவோர் எடுத்துக்காட்டியதில்லை.

காலம் எதுவாயினும் ஆகுக, இவ்வரியை அமைத்தவர் சக்கர வரிசையின் தத்துவத்தை அறிந்தவராகவே இருக்கவேண்டும் என்பது அடுத்த வாதம். வரியின் இறுதி இரண்டு அக்ஷரங்கள் லகு, குரு. முதல் இரண்டும் லகு, குரு. ஆகவே வாலைத் தலையோடு பொருத்தினால் எட்டு அக்ஷரச் சக்கரம் ஒன்று உண்டாகிறது. இப்பொருத்தம் திட்டமிட்டுச் செய்யப்பட்டது என்கிறார்கள். நான் கணக்கிட்டுப் பார்த்த அளவில், இது திட்டத்தின் விளைவன்று. எட்டு மூவக்ஷர உருவங்களும் ஒவ்வொரு முறை மட்டும் வரும்படி பத்து அக்ஷரங்களை யார் எவ்விதம் கோத்தாலும், முதல் இரண்டும் கடைசி இரண்டும் ஒன்றாகவே முடியும். ஏனெனில், எந்த ஈரக்ஷர உருவை எடுத்தாலும் அதற்குள் வரும் வழிகள் இரண்டு, வெளியேறும் வழிகள் இரண்டு. எல்லா வழிகளிலும் ஒருமுறை சென்றவன் புறப்பட்ட இடத்துக்கே திரும்பியாகவேண்டும். ஆசிரியர் விரும்பியது லகுவின் பெயரும் குருவின் பெயரும் ஈற்றில் அமையவேண்டும் என்பது ஒன்றே. அதனை விரும்பிய மாத்திரத்தில் தொடக்கமும் லகு, குரு என்று தானே நிர்ணயமாகிவிடுகிறது; சக்கரமும் கேளாமலே வந்து சேர்கிறது.

அந்த நிபந்தனைக்கு உட்பட்டு எத்தனை வரிகள் சாத்தியம்? பத்து அக்ஷர வரிசைகள் மொத்தம் 16. அவற்றுள் லகு, குரு என்று தொடங்கி அவ்வாறே முடிவன நான்கே. ஒன்று நாம் அறிந்த வரி. ஏனைய மூன்றும் யமாதாபாநஸஜராலகாம், ஜராயமாதாபாநஸலகாம், ஜபாநஸயமாதாராலகாம் என்பன. படிப்பவர் விரல்விட்டு எண்ணிப் பார்க்கலாம். நான்கும் சமமாகவே பயன் தரும். மூன்றாவது அக்ஷரம் முதல் லகுவா குருவா என்று இரண்டிரண்டு வழிகளைச் சோதித்து, முன் வந்த கணம் மீண்டும் வருமானால் அவ்வழியை விலக்கிக்கொண்டே சென்றால், மாணவருக்குப் பாடம் சொல்லும் ஒரு புத்திசாலியான உபாத்தியாயர் மணலில் எழுதியே இந்நான்கில் ஒன்றை அடைந்துவிடுவார். அதற்குப் பொதுத் தத்துவம் எதுவும் வேண்டியதில்லை. நாலக்ஷர உருவங்கள் பதினாறையும் 19 அக்ஷரங்களில் கோத்த வரி ஒன்று இருந்திருப்பின், இது தற்செயலாகக் கிட்டியது அன்று, முறை அறிந்து செய்தது என்று நானும் ஒப்பியிருப்பேன்.

யமாதா ஓதப்படும் அதே வகுப்பறையில் கற்பிக்கப்படும் மற்றொரு சாதனம், ஆசிரியர் தத்துவம் அறிந்தவர் என்னும் அவ்வாதத்தின் பலவீனத்தைத் தெளிவாகக் காட்டும். கன்னட மாணவர்கள் யமாதாவோடு ஒரு கந்தப் பாட்டையும் ஓதுகிறார்கள். அது மூன்றும் குருவாகவோ லகுவாகவோ இருப்பின் ம, ந என்றும், தனிக் குருவோ லகுவோ முதலில் நின்றால் ப, ய என்றும், நடுவில் நின்றால் ஜ, ர என்றும், கடையில் நின்றால் ஸ, த என்றும் எட்டையும் நான்கு இணைகளாக வகுக்கிறது. ஒவ்வோர் இணையிலும் ஒன்று மற்றொன்றன் நேர்மாறு. லகுவைக் குருவாகவும் குருவை லகுவாகவும் மாற்றினால் ஒன்று மற்றதாகிவிடும். இதுவும் அழகிய கணித அமைப்பே. ஆயினும் இப்பாட்டைக் கொண்டு, அதன் ஆசிரியர் நவீன இயற்கணிதத்தின் நிரப்பி விதியை முன்னறிந்தார் என்று எவரும் சொல்லத் துணிந்ததில்லை. ஒன்றுக்கு மறுக்கும் உரிமையை மற்றொன்றுக்கு மட்டும் வழங்குதல் நியாயமாகாது.

முதன்மைக்கு எது ஆதாரம் என்பதைக் கணித உலகமே நமக்குக் காட்டியிருக்கிறது. 1894இல் டி ரிவியேர் என்பவர் பிரெஞ்சு இதழ் ஒன்றில் இச்சக்கரங்களைப் பற்றிக் கேள்வி எழுப்ப, அதே ஆண்டில் ஃபிளை சேந்த்-மாரி விடை கண்டு, சக்கரங்களின் எண்ணிக்கையையும் கணக்கிட்டார். மூவிலக்கத்துக்கு 2, நாலிலக்கத்துக்கு 16, ஐயிலக்கத்துக்கு 2048 என்று அது பெருகுகிறது. அவ்விடை மறக்கப்பட்டது. பின்னர் போஸ்தூமுஸ் என்னும் பொறியாளரின் ஊகத்தை 1946இல் டி புருயின் நிறுவியபோது வரிசை அவர் பெயரைப் பெற்றது. பழைய விடை வெளிப்பட்டதும் டி புருயின் தாமே 1975இல் குறிப்பு ஒன்று எழுதி, முதன்மை சேந்த்-மாரிக்கே உரியது என்று ஒப்பினார். அவர் தலைவணங்கியது அச்சான ஆண்டும் பொது விடையும் கொண்ட ஒரு பத்திரத்துக்கு. அத்தகைய பத்திரத்தை நாமும் கொணரும்வரை, அதே மரியாதையைக் கேட்க நமக்கு உரிமை இல்லை.

வலையமைப்புப் பற்றிய கூற்று எஞ்சி நிற்கிறது. ஒவ்வொரு கணினிக்கும் இரும இலக்க முகவரி ஒன்று தந்து, முதல் இலக்கத்தை நீக்கி ஈற்றில் பூஜ்யத்தையோ ஒன்றையோ சேர்த்தால் வரும் இரண்டு முகவரிகளை மட்டும் அது அறிந்திருந்தால் போதும், எத்தனை கணினிகள் இருப்பினும் சில தாவல்களில் எதையும் அடையலாம் என்பதே டி புருயின் வலையின் சிறப்பு. சமதம், பிரதான் இருவரும் 1989இல் இதனை இணைக்கணினி அமைப்புக்கு எடுத்தாண்டனர். காஷூக், கார்கர் இருவரும் 2003இல் கூர்டு என்ற பெயரில் சமநிலைக் கணினிகளின் வலைக்கு அமைத்தனர். கணங்களை முகவரிகளாகக் கொண்டு பார்ப்போம். யகணத்திலிருந்து பகணத்துக்குச் செல்லவேண்டும். லகு, குரு, குரு என்பதில் முதல் லகுவை நீக்கி ஈற்றில் ஒரு குருவைச் சேர்க்க மகணம், பின் லகுவைச் சேர்க்கத் தகணம், மேலும் ஒரு லகுவைச் சேர்க்கப் பகணம், மூன்றே தாவல். பள்ளி மாணவன் ஓதும் வரியிலோ யகணத்திலிருந்து பகணத்துக்கு ம, த, ர, ஜ என்னும் நான்கையும் கடந்து ஐந்தாம் அடியில்தான் வரமுடியும். வேற்றுமை எங்கே? வரி அந்த வலையின்மீது எல்லா இடங்களையும் ஒருமுறை தொட்டுச் செல்லும் ஒரு பயணம். வலையோ எல்லாப் பயணங்களுக்கும் இடமளிக்கும் அமைப்பு. தகணத்தில் நின்று ரகணத்துக்கும் போகலாம், பகணத்துக்கும் போகலாம் என்னும் அந்த இரண்டாம் வழியை யமாதா அறியாது. வலையமைப்புக் கலையின் உயிர் அந்த இரண்டாம் வழியில்தான் இருக்கிறது.

வாய்மொழி மரபில் பத்திரங்கள் எஞ்சா என்பர் சிலர். பிங்கலரின் எட்டுச் சூத்திரங்களையும் வழுவாமல் காத்துத் தந்த அதே மரபு, இதனை மட்டும் கைவிட்டது என்பதற்குக் காரணம் கூறவேண்டும். இவ்வாறு வினவுவது பாரதக் கணிதத்தைச் சிறுமைப்படுத்தும் என்பர் வேறு சிலர். பிரஸ்தாரம், நஷ்டம், உத்திஷ்டம், லகக்ரியை, ஸங்க்யை, அத்வயோகம் என்னும் ஆறு பிரத்யயங்களும் எத்தனை அக்ஷரங்களுக்கும் பொருந்தும் பொதுமுறைகளாகப் பிங்கல மரபில் நிலைபெற்றிருக்க, நமக்கு இரவல் பெருமை எதற்கு?

யமாதாவின் உண்மையான சிறப்பு, பெயரும் இடமும் ஒன்றாக நிற்கும்படி அமைத்த நுட்பம். இன்றைய வலைக்கும் அதற்கும் உள்ள உறவு வம்சாவழி உறவன்று, உருவ ஒற்றுமை. அதுவே போதுமான பெருமை. இனிச் செய்யத்தக்க பணி, இவ்வரி காணப்படும் பள்ளிச் சுவடிகளைக் கன்னட, தெலுங்கு, கிரந்த லிபிகளில் தேடிக் காலம் குறிப்பதும், ‘லகம்’, ‘லகாம்’ என்னும் பாடங்கள் எங்கெங்கே வழங்கின என்று வரையறுப்பதும் ஆகும். மைசூர் அப்பணிக்கு மிகவும் தகுந்த இடம். 1891இல் இங்கே தோன்றிய கீழ்த்திசை நூலகத்துக்குத் தஞ்சைப் பகுதிப் பண்டிதர் ஒருவர் கொணர்ந்து அளித்த ஏட்டிலிருந்துதான், 1905இல் ஷாமசாஸ்திரி அர்த்தசாஸ்திரத்தைக் கண்டெடுத்து 1909இல் அச்சேற்றினார். பாணினியின் பெயருக்கு முன் நம் தலை தாழ்வது இயற்கை. ஆனால் பத்து அக்ஷரங்களுக்குக் காலம் கூறும் அதிகாரம் ஏட்டுக்கே உண்டு. காலம் குறிக்கப்பெற்ற ஓர் ஏடு இந்த முடிவை மாற்றுமானால், அதனை முதலில் வரவேற்பவர்களுள் நானும் ஒருவனாக இருப்பேன்.