நாடியைப் பார்த்துக் கொடுத்த மருந்து

1775-இல் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் பகுதியைச் சேர்ந்த ஒரு மூதாட்டியின் கைமருந்து, வில்லியம் விதரிங் என்ற மருத்துவரின் கவனத்துக்கு வந்தது. உடம்பில் நீர் கோத்து வீங்கியவர்களுக்கு, மற்ற வைத்தியர்கள் கைவிட்ட பிறகும் அது பலன் கொடுத்தது. இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகள் சேர்ந்த அந்த மருந்தில் வேலை செய்தது ஃபாக்ஸ்குளோவ் செடிதான் என்று விதரிங் கண்டுகொண்டார். அது நஞ்சுச் செடியும்கூட.

செடியை அடையாளம் கண்டவுடன் அவர் புகழ் தேடி ஓடவில்லை. பத்து ஆண்டுகள் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 1785-இல்தான் புத்தகம் வெளியிட்டார். தாம் கவனித்த 163 நோயாளிகளின் விவரத்தையும், பலிக்காதவற்றை மறைக்காமல், அதில் எழுதினார். வேரின் வீரியத்தை நம்ப முடியாது என்பதால் இலையையே பயன்படுத்தினார். அதையும் பூக்கும் சமயத்தில்தான் பறிக்கச் சொன்னார். காய்ந்த இலைத்தூளில் ஒன்று முதல் மூன்று கிரெயின் வரை, அதாவது 65 முதல் 200 மில்லிகிராம் வரை, தினம் இரண்டு வேளை. சிறுநீர், வயிறு, நாடி, குடல் இவற்றில் ஏதாவது ஒன்றில் மாற்றம் தெரிந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். அளவு மிஞ்சினால் வாந்தி வரும், கண்ணில் படுவதெல்லாம் மஞ்சளாகவோ பச்சையாகவோ தெரியும், நாடி நிமிடத்துக்கு 35 வரை இறங்கும், உயிரும் போகும் என்று தெளிவாக எச்சரித்தார். மருந்தைக் கண்டதைவிட இந்தக் கட்டுப்பாட்டை வகுத்ததுதான் அவருடைய பெரிய கொடை.

பிற்காலத்தில் ஃபாக்ஸ்குளோவ் தாறுமாறான இதயத் துடிப்புக்கும் மருந்தானது. அதே கோளாறுக்கு அடுத்த மருந்தைக் காட்டியவர் ஒரு நோயாளி. 1912-இல் டச்சு வணிகர் ஒருவர் வென்கெபாக் என்ற இதய மருத்துவரிடம், மலேரியாவுக்கான குவினைனைச் சாப்பிட்டால் தம் துடிப்பு சீராகிவிடுகிறது என்றார். மருத்துவர் நம்பவில்லை. வணிகர் மறுநாள் காலை சீரான நாடியோடு வந்து நின்றார். 1918-இல் வால்டர் ஃப்ரை, அதே சிங்கோனாப் பட்டையிலிருந்து கிடைக்கும் குவினிடின் இன்னும் நன்றாக வேலை செய்வதைக் காட்டினார். நம் நீலகிரியில் 1860-களில் வெள்ளைக்காரர்கள் காய்ச்சலுக்காகப் பயிரிட்டதும் இதே மரத்தைத்தான். ஆனால் குவினிடின் சிலரை மயங்கி விழச் செய்தது. துடிப்பைச் சீராக்க வந்த மருந்தே அதைவிட ஆபத்தான துடிப்பைக் கிளப்பிவிடும் என்பது மெல்ல மெல்லத்தான் புரிந்தது.

இதற்கு மிகக் கசப்பான சான்று அமெரிக்காவில் கிடைத்தது. மாரடைப்பு வந்து பிழைத்தவர்களின் கூடுதல் துடிப்புகளை அடக்கிவிட்டால் திடீர் மரணத்தைத் தடுக்கலாம் என்று மருத்துவர்கள் நம்பினார்கள். 1987-இல் ‘காஸ்ட்’ என்ற பெரிய ஆய்வு தொடங்கியது. என்கெய்னைடு, ஃப்ளெகெய்னைடு என்ற மருந்துகள் அந்தத் துடிப்புகளை அழகாக அடக்கின. ஆனால் மருந்து சாப்பிட்ட 755 பேரில் 63 பேர் இறந்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்ட 743 பேரில் இறந்தவர்கள் 26 பேர். 1989-இலேயே ஆய்வின் அந்தப் பகுதியை நிறுத்தினார்கள். இசிஜி தாள் சீரானால் ஆள் பிழைப்பார் என்ற கணக்கு அதோடு தகர்ந்தது.

ஃபாக்ஸ்குளோவ் குடும்பத்துச் செடியிலிருந்து 1930-இல் பிரித்தெடுத்த டிகாக்சின் இன்றும் மருந்துக்கடையில் கிடைக்கிறது. மில்லிகிராமில் கால் பங்கு மட்டுமே கொண்ட மாத்திரை அது. பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. சிறுநீரகம் தளர்ந்தால் உடம்பில் தேங்கும். நீர் மாத்திரையால் பொட்டாசியம் குறைந்தால் நஞ்சின் வேகம் கூடும். துடிப்புக்கே கொடுக்கும் அமியோடரோன் சேர்ந்தாலும் ரத்தத்தில் டிகாக்சின் அளவு ஏறும்.

வீட்டில் யாராவது டிகாக்சின் சாப்பிட்டால், ஒரு வேளை தவறியதற்கு மறுவேளை இரண்டாகக் கொடுக்காதீர்கள். நன்றாக இருக்கிறதே என்று நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். வேறு எந்த டாக்டரிடம் போனாலும் எல்லா மாத்திரைகளையும் எடுத்துப்போய்க் காட்டுங்கள். பசி அற்றுப்போனாலோ, குமட்டினாலோ, பார்வை மஞ்சளித்தாலோ, நாடி வழக்கத்தைவிட மிகவும் மெதுவானாலோ, அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள்.