கார் ஓட்டியது யார், கணக்கு எழுதியது யார்?

ப்ளூஸ் இசையின் வரலாற்றைப் படிப்பவர்கள் ஒரு காட்சியை அடிக்கடி சந்திக்க நேரும். கறுப்பினக் கலைஞர் ஒருவரும் அவர் பாட்டில் மனம் பறிகொடுத்த வெள்ளையர் ஒருவரும் ஒரே காரில் ஊர் ஊராகப் போகிறார்கள். இதை நட்பின் காவியமாக எழுதியவர்கள் உண்டு, சுரண்டல் என்று ஒரே வார்த்தையில் முடித்தவர்களும் உண்டு. பாசம் இருந்ததா என்ற கேள்வியைச் சுற்றியே இந்த வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. அந்தக் கேள்விக்கு விடை கிடைத்தாலும் பயனில்லை என்பது என் எண்ணம். ஒருவரோடு ஒருவர் உட்கார்ந்து சாப்பிடுவதையே சட்டம் தடுத்த நாட்டில் பாசம் எவ்வளவு இருந்தாலும் இருவரும் சமமாகிவிட முடியாது. அந்த நட்பின் தரத்தை அறிய அவர்கள் கையெழுத்திட்ட தாள்களைத்தான் பார்க்க வேண்டும்.

லெட் பெல்லி என்று உலகம் அறிந்த ஹடி லெட்பெட்டரை ஜான் லோமாக்ஸும் அவர் மகன் ஆலனும் 1933இல் லூசியானாவின் அங்கோலா சிறையில் சந்தித்தார்கள். காங்கிரஸ் நூலகத்துக்காக நாட்டுப்பாடல்களைப் பதிவுசெய்யக் கிளம்பியவர்கள் அவர்கள். காரின் பின்பகுதியில் 315 பவுண்டு எடையுள்ள ஒலிப்பதிவு எந்திரம் இருந்தது. மறு ஆண்டு ஆகஸ்டில் விடுதலையான லெட் பெல்லி, தந்தை லோமாக்ஸிடம் வேலைக்குச் சேர்ந்தார். தென்மாநிலச் சிறைகளுக்கு அந்தக் காரை ஓட்டிப் போனது அவர்தான். எப்படிப்பட்ட பாட்டைத் தேடி வந்திருக்கிறோம் என்பதைக் கைதிகளுக்குப் பாடிக் காட்டியதும் அவரே. பெயருக்கு டிரைவர், செய்தது பாதி ஆராய்ச்சியாளரின் வேலை. அந்த டிசம்பரில் பிலடெல்பியாவில் கூடிய மொழிப் பேராசிரியர்களின் மாநாட்டில் அவர் பாடினார். அடுத்த மாதம் நியூயார்க் பகுதியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. வருமானத்தில் பாதி லோமாக்ஸுக்கு என்று தொடங்கி, பிறகு மகனையும் சேர்த்துக்கொண்டு மூன்றில் இரண்டு பங்கு லோமாக்ஸ் குடும்பத்துக்கு என்றானது. பாடியவருக்கு மிஞ்சியது ஒரு பங்கு. 1935இல் எடுத்த செய்திப் படத்தில் விடுதலையான மனிதருக்கு மறுபடியும் கைதி உடை மாட்டிவிட்டார்கள். மார்ச் மாதத்துக்குள் உறவு முறிந்து லெட் பெல்லி ஊர் திரும்பினார்.

லோமாக்ஸ் இல்லாவிட்டால் லெட் பெல்லியை யார் கேட்டிருப்பார்கள் என்று சொல்வார்கள். நியாயமான வாதம்தான். அந்தப் பதிவுகள் இல்லாவிட்டால் இருபதாம் நூற்றாண்டின் அமெரிக்க இசையில் ஒரு பெரிய பகுதி ஏழையாகியிருக்கும். ஆனால் கண்டுபிடித்தவருக்கு நன்றி சொல்வது வேறு, வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்கைக் கொடுப்பது வேறு. அந்தக் காலத்தை இந்தக் காலத்து அளவுகோலால் அளக்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. இங்கே அளவுகோலைக் கொண்டுவந்தவர் லெட் பெல்லியேதான். ஊர் திரும்பிய கையோடு வழக்கறிஞரை வைத்துத் தனக்குச் சேரவேண்டிய பணத்தைக் கேட்டார். தனக்கு நடந்தது அநியாயம் என்று அவருக்கு அன்றைக்கே தெரிந்திருந்தது. 1949 டிசம்பரில் அவர் இறந்தார். அடுத்த ஆண்டே வீவர்ஸ் குழு பாடிய ‘குட்நைட் ஐரீன்’ 13 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. அதன் உரிமையில் அவர் பெயரோடு ஜான் லோமாக்ஸின் பெயரும் இருந்தது.

மகன் ஆலனின் கதை இதே தராசில் வேறு விதமாக நிற்கிறது. 1937இல் லெட் பெல்லியும் அவர் மனைவி மார்த்தாவும் வாஷிங்டனில் ஆலனைப் பார்க்க வந்தபோது, கறுப்பினத்தவர் தங்குவதை ஆலன் குடியிருந்த வீட்டின் உரிமையாளர் எதிர்த்தார். வெள்ளையரும் கறுப்பரும் ஒன்றாகப் போய் உட்கார ஓர் இடம்கூட தலைநகரில் எளிதில் கிடைக்கவில்லை. ‘பூர்ஷ்வா ப்ளூஸ்’ என்ற பாட்டு பிறந்தது அந்த அவமானத்தில்தான். இரண்டு ஆண்டு கழித்து லெட் பெல்லி ஒரு தாக்குதல் வழக்கில் மாட்டியபோது, வழக்குச் செலவுக்குப் பணம் திரட்டுவதற்காக ஆலன் தன் மேற்படிப்பையே விட்டார். தந்தையைவிட மகனுக்குப் பாசம் அதிகம் என்று இதை விளக்கிவிடலாம். எனக்கு முக்கியமாகப்படுவது, செலவு இம்முறை அவர் பக்கத்திலிருந்து வந்தது என்பதே.

முப்பது ஆண்டுக்குப் பிறகு ஓட்டுநர் இருக்கைக்கு வெள்ளையர் வந்துவிட்டார். 1964 ஜூனில் டிக் வாட்டர்மன், நிக் பெர்ல்ஸ், ஃபில் ஸ்பைரோ என்ற மூன்று இளைஞர்கள் சன் ஹவுஸைத் தேடி ஒரு வோக்ஸ்வேகனில் மிசிசிப்பி முழுக்க அலைந்தார்கள். 1930இல் பாரமவுண்ட் நிறுவனத்துக்குப் பாடியவர், ராபர்ட் ஜான்சனும் மடி வாட்டர்ஸும் பார்த்துப் பழகிய கை அவருடையது. குடிமை உரிமைத் தொண்டர்கள் மூவர் அதே மாநிலத்தில் காணாமல்போன வாரம் அது. வடக்கத்தி இளைஞர்கள் கறுப்பர் குடியிருப்புகளில் விசாரித்துத் திரிவது உயிரோடு விளையாடுவதற்குச் சமம். ஆள் அங்கே இல்லை, 1943லேயே நியூயார்க் மாநிலத்து ரோசெஸ்டருக்குப் போய்விட்டார் என்பது கடைசியில்தான் தெரிந்தது. கிதாரைத் தொட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆலன் வில்சன் என்ற இளைஞர் எதிரே உட்கார்ந்து, பழைய இசைத்தட்டுகளிலிருந்து தான் கற்ற சன் ஹவுஸ் பாடல்களை சன் ஹவுஸுக்கே வாசித்துக் காட்டி நினைவூட்டினார்.

இங்கேதான் வலுவான மறுப்பு எழுகிறது. இந்த இளைஞர்களுக்கு வேண்டியிருந்தது 1930இன் சன் ஹவுஸ், 1964இல் எதிரே இருந்த மனிதர் அல்ல என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. சிகாகோவில் மின்கிதாரோடு ப்ளூஸ் உயிரோடு வளர்ந்துகொண்டிருந்தபோது, கல்லூரி மேடைகள் அறுபது வயதுக்காரர்களிடம் இளமைக்காலப் பாட்டையே கேட்டன. ரசனையில் நடந்த இந்த அநீதியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாட்டர்மன் ரசிகராக நின்றுவிடவில்லை. சன் ஹவுஸ், ஸ்கிப் ஜேம்ஸ், மிசிசிப்பி ஜான் ஹர்ட் போன்றவர்களுக்காகவே ஒரு நிறுவனம் தொடங்கி நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்தார். அவரும் கமிஷன் வாங்கியவர்தானே என்றால், ஆம், ஏஜென்ட் வாங்கும் கமிஷன் அது. பாட்டின் உரிமையில் தன் பெயரைச் சேர்த்துக்கொள்வதற்கும் அதற்கும் நிறைய தூரம். தட்டில் அச்சாகும் ஒரு பெயர் என்ன செய்யும் என்பதற்கு ஸ்கிப் ஜேம்ஸே சாட்சி: அவருடைய ஒரு பாட்டை கிரீம் குழு 1966இல் அவர் பெயரோடு வெளியிட்டதால் வந்த ராயல்டி அவருடைய மருத்துவச் செலவுக்கு உதவியது.

ஆர்தர் க்ரூடப்பின் வழக்கில் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகிறது. எல்விஸ் பிரெஸ்லி 1954இல் வெளியிட்ட முதல் தட்டின் பாட்டு, க்ரூடப் 1946இல் பதிவுசெய்தது. ராயல்டி வராத வெறுப்பில் தட்டுப் பதிவையே விட்டு அவர் வர்ஜீனியாவில் பண்ணைக் கூலியாக வாழ்ந்தார். அவருக்காக வாட்டர்மன் ஆண்டுக்கணக்கில் பதிப்பு நிறுவனத்தோடு மல்லுக்கட்டி, 60,000 டாலருக்கு உடன்பாடு பேசி முடித்தார். க்ரூடப் பிள்ளைகளோடு நியூயார்க் வந்து கையெழுத்தும் போட்டார். கடைசி நிமிடத்தில் நிறுவனத் தலைவர் மறுத்துவிட்டார், வழக்கில் தோற்றால்கூட இவ்வளவு போகாது என்று. 1974இல் க்ரூடப் வெறுங்கையோடு இறந்தார். வாட்டர்மன் அதோடு விடவில்லை. அந்தப் பதிப்பு நிறுவனம் விற்பனைக்கு வந்தபோது தீராத கோரிக்கையைக் குறுக்கே நிறுத்தினார், பணம் வாரிசுகளுக்கு வரத் தொடங்கியது.