சிரத்தை

வாளையாரையோ குமுளியையோ தாண்டிக் கேரளத்துக்குள் போனால் சாலையோரப் பலகைகளில் 'ஸ்ரத்திக்குக' என்ற மலையாளச் சொல் கண்ணில் படும். 'கவனம்' என்று பொருள். பாலக்காட்டிலும் இடுக்கியிலும் பள்ளி வாசல், மலை வளைவு எங்கும் இருக்கும். நாமும் 'சிரத்தையாகப் படி' என்கிறோம். அக்கறை, ஊக்கம் என்ற பொருளில்.

வடமொழியில் 'ச்ரத்தா' என்றால் நம்பிக்கை. 'ச்ரத்' என்பதை இதயம் என்றும் 'தா' என்பதை வைத்தல் என்றும் மொழியியலார் பிரிப்பார்கள். நெஞ்சை ஒன்றில் வைப்பது. 'நம்புகிறேன்' என்னும் லத்தீன் 'கிரேதோ' இதற்கு உறவு. நம் பையிலிருக்கும் கிரெடிட் கார்டும் அந்த வழியில் வந்ததுதான்!

கட உபநிடதத்தில் தந்தை பால் வற்றிய கிழட்டுப் பசுக்களைத் தானம் கொடுக்கிறார். பார்த்துக்கொண்டிருந்த சிறுவன் நசிகேதனுக்குள் சிரத்தை புகுந்தது என்கிறது நூல். புகுந்ததும் அவன் கைகூப்பி உட்காரவில்லை. "என்னை யாருக்குக் கொடுப்பீர்கள்?" என்று அப்பாவைத் துளைக்கிறான். அவர் எரிச்சலில் எமனுக்கு என்றுவிட, எமன் வாசலில் மூன்று இரவு பட்டினி கிடக்கிறான். செத்த பிறகு மனிதன் இருக்கிறானா, இல்லையா என்று கேட்கிறான். அந்தக் கேள்வியை விட்டுவிடச் சொல்லி, பொன், யானை, நீண்ட ஆயுள் என்று எமன் ஆசைகாட்டியும் மசியவில்லை.

நம்புகிறவன் கேள்வி கேட்கமாட்டான், தேடுகிறவன் நம்பமாட்டான் என்று இரண்டு கட்சி பிரிப்பவர்களுக்கு இந்தப் பையன் சரியான இடைஞ்சல். பதில் இருக்கிறது என்று நம்பியதால்தான் அவ்வளவு தூரம் போனான். தமிழும் மலையாளமும் இச்சொல்லின் பொருளை மாற்றிவிட்டன என்பதைவிட, அதன் உழைக்கும் பாதியை வைத்துக்கொண்டன என்பேன்.

திவசத்தைச் சொல்லும் 'சிராத்தம்' பிறந்ததும் இந்த 'ச்ரத்தா'விலிருந்தே.