கைப்பிள்ளையோடு திருவிழாவுக்கு: அளவெட்டிக் குடும்பங்களின் உல்லாசப் பயணம்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் வடக்கில், மல்லாகத்துக்கு மேற்கே கிடக்கும் அளவெட்டியில், கைப்பிள்ளையையும் நடக்கத் தொடங்கிய பிள்ளையையும் கூட்டிக்கொண்டு குடும்பம் முழுவதும் வெளிக்கிடும் பயணம் என்றால் அது நெடுங்காலமாகக் கோயில் திருவிழாவுக்கான பயணமே. கடற்கரை, பூங்கா, மிருகக்காட்சிச்சாலை என்பவையெல்லாம் பின்னர் வந்து சேர்ந்தவை. ஊருக்குள் கும்பழாவளைப் பிள்ளையார் கோயில், வடக்கே மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலும் கீரிமலையும், தெற்கே நல்லூர், கிழக்கே தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி, இன்னும் தொலைவில் வல்லிபுர ஆழ்வார் என்று ஆண்டின் நாட்காட்டியே பயணத் திட்டமாக இருந்தது. சாமி கும்பிடுவது நோக்கம்தான். ஆயினும் கச்சான், தும்பு முட்டாஸ், அம்மம்மாக் குழல், பலூன் எல்லாம் ஒரே வீதியில் கிடைக்கும் நாள் பிள்ளைகளுக்கு வேறு எது?

பயணத்தை எப்போது வைப்பது என்பதை முதலில் தீர்மானித்தது துடக்கு எனப்படும் தீட்டு. பிள்ளை பிறந்து முப்பத்தொன்றாம் நாள் கழியும்வரை தாயும் பிள்ளையும் கோயில் வாசலுக்குப் போவதில்லை. உறவில் ஒரு சாவு விழுந்தால், பல நாள் திட்டமும் ஒரே நாளில் கைவிடப்படும். துடக்குக் கழிந்தபின் நேர்த்திகள் வரும். முதல் மொட்டை எந்தக் கோயிலில், சோறு தீத்துவது எங்கே, காது குத்துவது எப்போது என்பவற்றைப் பெரும்பாலும் பேத்தியாரே முடிவு செய்தார். நோய்வாய்ப்பட்டுத் தேறிய பிள்ளையைச் சாமிக்கு விற்று வாங்கும் வழக்கமும் இருந்தது. ஐயரின் கையில் பிள்ளையை ஒப்படைத்து, காசோ நெல்லோ கொடுத்துத் திரும்பப் பெறுவார்கள். இப்படி ஒரு நேர்த்தி இருந்துவிட்டால் வெயில், தூரம், வண்டிச் செலவு எதுவும் சாட்டாக முடியாது. கைப்பிள்ளையோடு ஏன் இவ்வளவு தொல்லை என்று கேட்கத் தோன்றும் பல பயணங்கள் உண்மையில் அந்தக் கைப்பிள்ளைக்காகவே நடந்தவை.

அளவெட்டியாருக்கு மிகக் கிட்டிய பெருவிழா மாவிட்டபுரத்தது. அங்கே இருபத்தைந்து நாள் திருவிழா நடந்து, ஆடி அமாவாசையன்று சுவாமி கீரிமலையில் தீர்த்தமாடுவார். குதிரை முகத்தோடு வந்த மாருதப்புரவீகவல்லி கீரிமலையில் நீராடி முகம் மாறியதும், கீரிமுகம் கொண்ட நகுல முனிவர் அங்கே குணம் பெற்றதும் பிள்ளைகளுக்கு வழிநெடுகச் சொல்லிவர ஏற்ற கதைகள். கேணியின் அதிசயத்துக்குக் கதை தேவையில்லை. குடாநாட்டின் அடியில் கிடப்பது சுண்ணாம்புக்கல். மழைநீர் அதன் வெடிப்புகளுக்குள் இறங்கி, நிலத்தடியில் ஓடி, கடலோரத்தில் ஊற்றாக மேலே வருகிறது. அலை அடிக்கும் இடத்துக்குச் சில அடி தள்ளி நல்ல தண்ணீர் நிறைந்திருப்பதன் காரணம் இதுதான். ஆண்களுக்கும் பெண்களுக்கும் கேணிகள் வேறு. சின்னப் பிள்ளைகள் தாய்மாரோடு பெண்கள் கேணிக்குப் போவார்கள். தகப்பனை இழந்தவர் பிதிர்க்கடன் செய்வதும், அவருடைய பிள்ளை தண்ணீரில் துள்ளுவதும் ஒரே காலையில் நடக்கும். அந்த நாளின் விரதச் சமையலில் காத்தோட்டிக்காயின் கசப்பும் உண்டு. அதைப் பிள்ளைகள் ஒருபோதும் விரும்பியதில்லை.

இரவுத் திருவிழா வேறுவிதம். அளவெட்டி நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் பெயர்போன ஊர். தவில் மேதை தட்சிணாமூர்த்தியும் நாதஸ்வரக் கலைஞர் என்.கே. பத்மநாதனும் ஊரின் பெயரைக் கடல் கடந்தும் கொண்டுபோனவர்கள். மேளச் சமா தொடங்கினால் விடியும்வரை நீளும். ஆகவே குடும்பங்கள் பாய், தலையணை, போர்வையோடு வந்து வீதி மணலில் இடம் பிடித்தன. பால் குடித்த பிள்ளை தவில் முழக்கத்துக்கு நடுவிலேயே உறங்கியது. நடக்கும் வயதுப் பிள்ளைக்கு மணல் போதும். கோயிலின் வெளிவீதி, மர நிழல், மடம், கிணறு, தண்ணீர்ப் பந்தல் ஆகிய ஐந்தும் அமைந்த இடத்தில் குழந்தையோடு ஒரு முழு நாளைக் கழிக்கலாம். இந்த ஏற்பாட்டை யாரும் குழந்தைகளுக்கென்று வரைபடம் போட்டு அமைக்கவில்லை. ஆயினும் பிற்காலப் பூங்காக்கள் பலவற்றிலும் பார்க்க இது அவர்களுக்குப் பொருந்தியது. வாசலில் கட்டணம் இல்லை, எந்தப் பிள்ளையும் உயரம் போதாதென்று திருப்பி அனுப்பப்படவில்லை. பந்தலில் மோரும் சர்க்கரைத் தண்ணீரும் ஊறுகாய்த் தண்ணீரும் கேட்டவருக்கெல்லாம் கிடைத்தன. செல்வச்சந்நிதியில் சோறும் கிடைத்தது. அங்குள்ள முருகனுக்கு அன்னதானக் கந்தன் என்று பெயர்.

ஆனால் திருவிழா நாளின் ஓய்வு எல்லாருக்கும் ஒரே அளவில் கிடைத்ததென்று சொல்ல முடியாது. ஆண்கள் சமாவின் முன்வரிசையில் இருக்க, மர நிழலில் சேலையால் ஏணை கட்டி ஆட்டிக்கொண்டிருந்தவர் தாய் அல்லது பேத்தியார். மூட்டை கட்டியதும் அவர்களே. வாழையிலையில் கட்டுச்சோறு, பிள்ளைக்குக் கஞ்சி, மாற்றுத் துணி, பழஞ்சேலைத் துண்டுகள், காய்ச்சலுக்குக் கைமருந்து, நாவூறு படாமலிருக்கக் கறுப்புப் பொட்டு, கழுத்தில் பஞ்சாயுதம். திருவிழாவைப் பற்றி எழுதியவர்கள் நாதஸ்வரத்தைப் பற்றி எழுதிய அளவுக்கு இந்த மூட்டையைப் பற்றி எழுதவில்லை.

பயணம் செய்த வழி முதலில் மாட்டு வண்டில். வைக்கோல் பரப்பி அதன்மேல் பாய் விரித்தால் குழந்தை படுக்கலாம். வெயிலுக்குமுன் போய்ச் சேர விடியப்புறம் பூட்டுவார்கள். 1902 மார்ச்சில் யாழ்ப்பாணத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. 1905 ஆகஸ்டில் பாதை கொழும்போடு இணைந்தது. அளவெட்டிக்கு மல்லாகம் நிலையம் கிட்ட. தெல்லிப்பழை, மாவிட்டபுரம் என்று அடுத்தடுத்து நிலையங்கள் இருந்ததால் தீர்த்தத்துக்குப் போவது இலகுவாயிற்று. தட்டிவானும் வாடகைக் காரும் பின்னர் வந்தன. 1958இல் பஸ் சேவை அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை அமைந்தது. ஒஸ்ரின், மொறிஸ் கார் ஒன்றைப் பிடித்து, அதற்குள் மூன்று தலைமுறையையும் அடைத்துக்கொண்டு நல்லூருக்குப் போவது வசதியுள்ள குடும்பத்தின் அடையாளமாக இருந்தது.

ரயிலால் பயணத்தின் எல்லை தெற்கே நகர்ந்தது. தெகிவளையில் ஹாகன்பெக் நிறுவனம் வைத்திருந்த விலங்குகளை 1936இல் அரசு பொறுப்பேற்றபின், அந்த மிருகக்காட்சிச்சாலை வடபகுதிப் பள்ளிக்கூடச் சுற்றுலாக்களிலும் கொழும்பில் உத்தியோகம் பார்த்தவர்களின் விடுமுறைத் திட்டங்களிலும் தவறாத இடமாயிற்று. 1956 ஏப்ரலில் யாழ்தேவி ரயில் ஓடத் தொடங்கியது. பயணம் ஒரு பகல்தான் என்றாலும், கைப்பிள்ளை வைத்திருந்தவர்கள் குளிர்ச்சிக்காக இரவுத் தபால் ரயிலை விரும்பியதுண்டு. கிட்டிய இடங்களில் காரைநகர்க் கசூரினாக் கடற்கரை பிள்ளைகளுக்கு உகந்தது. அங்கே கடல் வெகுதூரம் ஆழமில்லாமல் கிடக்கிறது.

யாழ்தேவிக்கு முந்திய ஆண்டு, 1955 ஜூலை 17ஆம் திகதி, அமெரிக்காவின் அனகைமில் டிஸ்னிலாண்ட் திறக்கப்பட்டது. தன் பெண்பிள்ளைகள் குடைராட்டினத்தில் சுற்றும்போது வாங்கில் சும்மா இருக்க நேர்ந்த தகப்பனின் சலிப்பிலிருந்து அந்த எண்ணம் பிறந்ததாக வால்ட் டிஸ்னி சொல்லிவந்தார். பெரியவரும் சிறியவரும் ஒரே இடத்தில் களிக்க வேண்டும் என்பது அவர் தேடிய விடை. திருவிழா வீதியில் அந்தக் கேள்வியே எழுந்ததில்லை.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது ரயில் நின்றது. வலிகாமம் வடக்கின் கரையோரம் இராணுவப் பிடிக்குள் போய்ப் பின்னர் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. மாவிட்டபுரமும் கீரிமலையும் எட்டாத இடங்களாயின. அளவெட்டியில் 1990களில் வளர்ந்த பிள்ளைகள் பலருக்குச் சில மைல் தொலைவிலிருந்த கேணி கதையாக மட்டுமே தெரியும். பெற்றோலுக்குத் தடை இருந்ததால் குடும்பப் பயணம் சைக்கிளுக்குச் சுருங்கியது. முன் பாரில் மூத்த பிள்ளை, பின் கரியரில் கைப்பிள்ளையோடு தாய், மிதிப்பவர் தகப்பன். குழந்தைக்கான பால்மாவும் தட்டுப்பாட்டுப் பொருள். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி நடந்தபோதும் பிள்ளைகள் இடுப்பிலும் சைக்கிளிலும்தான் போனார்கள். பாய், மாற்றுத் துணி, கஞ்சிப் போத்தல் என்று திருவிழாவுக்குக் கட்டிய அதே மூட்டையை அந்த இரவில் வேறு காரணத்துக்காகக் கட்டினார்கள்.

இந்த ஆண்டுகளில் வெளிநாடு போனவர்களின் பிள்ளைகள்தாம் ஊரிலிருந்து கிளைத்த குடும்பங்களில் முதன்முதலாகப் பெரும் கேளிக்கைப் பூங்காக்களைக் கண்டவர்கள். ரொறன்ரோவுக்கு வடக்கே 1981இல் திறந்த கனடாஸ் வொண்டர்லாண்ட், பாரிசுக்குக் கிழக்கே 1992 ஏப்ரலில் திறந்த டிஸ்னிலாண்ட் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. அங்கே திட்டமிடும் முறை வேறு. மூன்று வயது நிறையாத பிள்ளைக்குக் கட்டணமில்லை என்பதால் பிறந்தநாளுக்குமுன் போய்விடக் கணக்குப் போடுகிறார்கள். பாரிஸ் பூங்காவின் பிக் தண்டர் மவுண்டன் ரயிலில் ஏற 1.02 மீட்டர் உயரம் வேண்டும். மூத்த பிள்ளை ஏறலாம், இளையது ஏறமுடியாது என்ற நிலையில் தாயும் தகப்பனும் முறைமாறிக் குழந்தையை வைத்திருக்கவும், இரண்டாமவர் திரும்ப வரிசையில் நிற்காமல் ஏறவும் அங்கே ஒழுங்கு உண்டு. ஏணையோடு ஒருவரே நாள் முழுவதும் கட்டுண்டிருந்த பழைய முறையைவிட இந்த ஒன்று மேலானது. மற்றப்படி இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு போகும் பழக்கம் அங்கும் விடவில்லை.

2009இல் போர் முடிந்தபின்னர் கீரிமலைக்கும் மாவிட்டபுரத்துக்கும் வழி படிப்படியாகத் திறந்தது. ரயில் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தையும் 2015 ஜனவரியில் காங்கேசன்துறையையும் மீண்டும் எட்டியது. மேல்நாட்டுப் பாடசாலை விடுமுறையும் நல்லூர்த் திருவிழாவும் பெரும்பாலும் ஆகஸ்டிலேயே ஒன்றுகூடுவதால், புலம்பெயர்ந்த குடும்பங்கள் பேரப்பிள்ளைகளோடு அப்போதே ஊருக்கு வருகின்றன. நல்லூரின் இருபத்தைந்து நாளில் கைப்பிள்ளை வைத்திருப்பவர்கள் இருபத்துநான்காம் நாள் தேரைத் தவிர்த்து, நெரிசல் குறைந்த ஒரு மாலையைத் தேர்ந்தெடுப்பார்கள். பிள்ளையார் கதையோடு வரும் மாம்பழத் திருவிழாவைக் கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கென்று வைத்திருப்பார்கள். கோயிலைச் சுற்றிய வீதிகளில் வாகனம் விடப்படுவதில்லை. ஆகவே தூரத்தில் வானை நிறுத்திவிட்டுத் தள்ளுவண்டியோடு நடக்கவேண்டும். வெளிவீதி மணலில் தள்ளுவண்டிச் சில்லு புதைந்துவிடும் என்பதை முதல் நாளிலேயே கண்டுகொள்கிறார்கள், பின்னர் பிள்ளை தோளுக்கு ஏறிவிடுகிறது. கைதவறிப்போன பிள்ளைகளின் உடுப்பு நிறத்தையும் வயதையும் ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டே இருக்கும். சாரணரும் முதலுதவித் தொண்டர்களும் அவர்களைப் பெற்றோரிடம் சேர்ப்பிக்கிறார்கள். பகலில் யாழ்ப்பாண நகரின் சுப்பிரமணியம் பூங்காவில் ஊஞ்சல், அதற்கும் மேல் வேண்டுவோருக்கு ஏ9 வீதியில் இயக்கச்சிப் பக்கம் பண்ணையோடு சேர்ந்த கேளிக்கைப் பூங்கா. வாடகை வானில் குழந்தைக்கான இருக்கை கிடைக்குமா என்பதைத்தான் இப்போது வருபவர்கள் முதலில் விசாரிக்கிறார்கள். பெரும்பாலும் கிடைப்பதில்லை, வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதே வழக்கமாகியிருக்கிறது.