நஞ்சுக்கொடி ஆல்கலைன் பாஸ்படேஸ் எதிர்ப்பொருள்

‘பிளாப்’ என்று சுருக்கமாக வழங்கும் நஞ்சுக்கொடி ஆல்கலைன் பாஸ்படேஸ், கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடியின் மேலுறைச் செல்களில் மிகுதியாக உண்டாகும் நொதி. அது திசுவில் இருக்கிறதா, எந்தச் செல்லில் இருக்கிறது என்று காட்டும் ஆய்வகப் பொருளே இந்த எதிர்ப்பொருள்.

1968-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வில்லியம் ஃபிஷ்மன் குழுவினர், நுரையீரல் புற்றுநோயாளி ஒருவரின் ரத்தத்தில் இந்த நொதியைக் கண்டார்கள். கர்ப்பத்தோடு தொடர்பே இல்லாத உடலில் கர்ப்பத்துக்குரிய நொதி! நோயாளியின் பெயரால் அது ‘ரீகன் ஐசோஎன்சைம்’ ஆயிற்று. அன்று அதைப் பிரித்தறிய எளிய வழி சூடுதான்: 65 டிகிரி செல்சியஸில் கல்லீரல், எலும்பு வகைகள் செயலிழந்துவிடும், நஞ்சுக்கொடி வகை தாங்கும். ஆனால் ரத்தத்தைச் சூடாக்கிப் பார்த்தால் நொதி உண்டா இல்லையா என்பது தெரியுமே தவிர, எந்தச் செல் அதை உண்டாக்கியது என்பது தெரியாது. 1975-இல் கோலரும் மில்ஸ்டைனும் ஒற்றைக்குல எதிர்ப்பொருளை உருவாக்கும் முறையைக் கண்ட பிறகு, 1980-களில் லண்டனில் எச்17இ2 போன்றவை இந்நொதிக்கென உருவாயின.

திசுவைப் பாரஃபின் மெழுகில் பதித்த பிளாக்கிலிருந்து சில மைக்ரான் தடிமனில் சீவிய துண்டின் மேல் எதிர்ப்பொருளை இடுவார்கள். நொதி இருந்தால், நிறமேற்றிய பின் செல்லின் விளிம்பு பழுப்பாகத் தெரியும். சோதனை சரியாக நடந்ததா என்று பார்க்க ஒப்பீட்டுக்கு வைப்பது நஞ்சுக்கொடித் துண்டையே.

விரையில் வரும் செமினோமாவும் சினைப்பையில் வரும் டிஸ்ஜெர்மினோமாவும் பெரும்பாலும் இதில் நிறமேறும். செமினோமா பரவிய நிலையிலும் பலருக்குக் குணமாகக்கூடிய புற்றுநோய். அதனால் கட்டியின் இனத்தைச் சரியாகச் சொல்வது உயிர் காக்கும் வேலை.

கட்டியின் இனத்தை உறுதிசெய்யப் பெரிய மையத்துக்குப் போக நேரலாம். எடுத்துக்காட்டாக, கேரள-தமிழக எல்லையை ஒட்டிய பாறசாலை, நெய்யாற்றின்கரைக் கிராமத்தாருக்கு அருகிலுள்ள பெரிய புற்றுநோய் நிலையம், திருவனந்தபுரத்தில் 1981-இல் தொடங்கிய மண்டலப் புற்றுநோய் மையம். வெளியில் பயாப்ஸி எடுத்தவர்கள் இத்தகைய மையங்களுக்கு ரிப்போர்ட்டோடு பிளாக்கையும் ஸ்லைடையும் கொண்டுபோவது நல்லது. சந்தேகம் எழுந்தால் அதே திசுவில் புதிய சோதனை செய்யலாம்.

இந்த எதிர்ப்பொருளை மட்டும் நம்பி முடிவு சொல்லக் கூடாது. வேறு சில புற்றுநோய்களும் நிறமேறும். சில எதிர்ப்பொருள்கள் நெருங்கிய உறவுள்ள கருவணு வகை நொதியோடும் ஒட்டும். புகைபிடிப்போர் ரத்தத்திலோ புற்றுநோய் இல்லாமலே நொதி அளவு ஏறும். இன்று ஓசிடி4, சால்4 குறிப்பான்களே முன்னே நிற்கின்றன. பிளாப் அவற்றுக்குத் துணையாக வைத்துப் பார்க்கப்படுகிறது.